கப்பலில் மாலை உடை: கோட்டு சூட்டா, பட்டுப் புடவையா, சாதாரண உடையா?

சொகுசுக் கப்பலில் முதல் பயணத்துக்குப் பதிவு செய்தவர்களின் வீட்டில், விசா, காப்பீடு, விமானச் சீட்டு எல்லாம் ஒருவாறு முடிந்த பிறகு, பயண விவரத் தாளின் ஏதோ ஒரு மூலையில் 'ஃபார்மல் நைட்' (முறையான விருந்துடை அணிய வேண்டிய இரவு) என்று அச்சிடப்பட்டிருக்கும் வரி ஒரு புதிய விவாதத்தைத் தொடங்கி வைக்கும். கோட்டு சூட் தைத்தே ஆக வேண்டும் என்பது ஒரு கட்சி. பீரோவில் இருக்கும் பட்டையும் வேட்டியையும் விட்டுவிட்டு வேறு எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது இரண்டாவது கட்சி. விடுமுறைக்குப் போகும் இடத்தில் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, நல்ல சட்டையும் பேன்ட்டும் போதும் என்பது மூன்றாவது. மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் ஜவுளிக் கடைக்குப் போவதற்கு முன், எந்த நிறுவனத்தின் கப்பல், எத்தனை இரவுகள், இரவு உணவை எங்கே உண்ணப் போகிறோம் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் பாதி விவாதம் தானே அடங்கிவிடும்.

உடை விதியில் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன. ஒரு முனையில் இருப்பது குனார்ட். சவுதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பெரும்பாலும் 7 இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கும் அதன் குயின் மேரி 2 கப்பலில், மாலை 6 மணிக்கு மேல் பொது இடங்களில் நேர்த்தியாக உடுத்தியிருப்பது எல்லா நாளும் எதிர்பார்க்கப்படுகிறது. 'காலா' எனப்படும் சிறப்பு மாலைகளில் ஆண்கள் டின்னர் ஜாக்கெட்டோ (டக்சிடோ எனப்படும் விருந்துக் கோட்டு) கருநிற சூட்டோ அணிந்து டை கட்ட வேண்டும், பெண்கள் அதற்கு ஈடான மாலை உடை அணிய வேண்டும். மறுமுனையில் நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதலே 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் கட்டாய ஃபார்மல் இரவுகளைக் கைவிட்டுவிட்டது. விர்ஜின் கப்பல்களில் ஒரே ஒரு கேளிக்கை இரவில் சிவப்பு அணியச் சொல்வார்கள், அதுவும் விருப்பம் இருந்தால். நடுவில் இருப்பவை கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்கள். கார்னிவலில் 2 முதல் 5 நாள் வரையிலான பயணத்தில் ஒரு மாலையும், 6 நாள் அல்லது அதற்கு மேல் இரண்டு மாலைகளும் 'எலிகன்ட்' என்று குறிக்கப்படும். செலிப்ரிட்டி நிறுவனம் 2015இல் ஃபார்மல் என்ற சொல்லையே நீக்கி, 'சிக்' என்ற சற்றுத் தளர்ந்த பெயரைச் சூட்டிக்கொண்டது. பொதுவாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு விதிகள் தளர்ந்துதான் வருகின்றன. ஆகவே பத்து ஆண்டுகளுக்கு முன் போய்வந்த உறவினர் சொல்வதைக் காட்டிலும், பதிவு செய்த நிறுவனத்தின் இன்றைய அறிவிப்பே நம்பத் தக்கது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். உடை விதி கப்பல் முழுவதற்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. அது முதன்மை உணவுக் கூடத்தையும், தனிக் கட்டணம் வாங்கும் சில உணவகங்களையுமே பெரும்பாலும் கட்டுப்படுத்துகிறது. மேல் தளத்தில் உள்ள பஃபேயில் ஃபார்மல் இரவன்றும் ஜீன்ஸ் அணிந்து இட்லித் தட்டைத் தேடுபவர்களை யாரும் தடுப்பதில்லை. குயின் மேரி 2 போன்ற கண்டிப்பான கப்பலில்கூட, காலா உடை அணிய விரும்பாதவர்களுக்கு கிங்ஸ் கோர்ட் பஃபேயும் கோல்டன் லயன் மதுக்கூடமும் திறந்திருக்கின்றன.

இனி முதல் கட்சியைப் பார்க்கலாம். கோட்டு சூட்டின் பெரிய பலம், அது எந்தக் கப்பலிலும் எந்த வாசலிலும் கேள்வி கேட்கப்படாமல் உள்ளே போகும் என்பதுதான். கருநீலமோ அடர் சாம்பலோ ஆன ஒரு சூட்டும் வெள்ளைச் சட்டையும் ஒரு டையும் இருந்தால் குனார்டின் காலா மாலைக்கும் அது போதும். டக்சிடோ இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் சூட் என்பது தனியாக வருவதில்லை. அதற்கு ஏற்ற லெதர் ஷூ, பெல்ட், டை, மடிப்புக் கலையாமல் வைக்க உறை என்று பெட்டியில் பாதியை அது விழுங்கிவிடும். என் முதல் பயணம் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட 4 இரவுப் பயணம். அதற்கென்று தைத்த சூட்டை நான் கப்பலில் ஓர் இரவு மட்டுமே, இனிப்பு வரும்வரை போட்டிருந்தேன். மறுபடி அதை எடுக்க அக்காள் மகனின் வரவேற்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் இடுப்பு ஓர் அங்குலம் கூடிவிட்டது. ஊரில் வேறு வேலைக்கும் சூட் அணிபவர்களைத் தவிர மற்றவர்கள் 3, 4 இரவுப் பயணத்துக்காகச் சூட் தைப்பது வீண் செலவு என்பது என் முடிவு. முழுக்கைச் சட்டை, கருநிறப் பேன்ட், அதன்மேல் ஒரு பிளேசர் என்பது அந்த அளவுப் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். அந்தப் பிளேசர் வீட்டுக்கு வந்த பிறகும் பயன்படும்.

பெண்களுக்கு இதே கட்சி பரிந்துரைப்பது நீள கவுன். பழகியவர்களுக்கு அது மிக வசதியான உடை என்பதில் ஐயமில்லை. சுருட்டி வைத்தாலும் கசங்காத துணியில் கிடைக்கிறது, எடை குறைவு, ஐந்து நிமிடத்தில் அணிந்துவிடலாம். பழகாதவர்களுக்கு அது மாலை முழுவதும் தோளையும் கழுத்தையும் இழுத்துச் சரிசெய்யும் வேலையாக முடிகிறது. கப்பலில் முதல் முறை செய்ய எத்தனையோ காரியங்கள் இருக்கும்போது, கவுனையும் முதல் முறையாக அங்கேதான் பழக வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது கட்சியான நம் உடைக்கு வருவோம். இதைப் பற்றிப் பலருக்கும் உள்ள தயக்கம், 'வெள்ளைக்காரர்கள் கூடும் இடத்தில் புடவையை ஏற்பார்களா' என்பது. ஏற்பார்கள். உடை விதியில் மிகக் கண்டிப்பான குனார்டே முறையான தேசிய உடைகளைக் காலா மாலைகளுக்கு வரவேற்பதாகச் சொல்கிறது. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போகும் கப்பல்களிலோ, இந்தியர்கள் திரளாக வருவதால், புடவையும் சல்வாரும் உணவுக் கூடத்தில் அன்றாடக் காட்சி. எனவே அனுமதி என்ற அளவில் புடவைக்கும் கவுனுக்கும் வேறுபாடே கிடையாது. வேறுபாடு துணியில் இருக்கிறது.

கனமான காஞ்சிப் பட்டுக்கு எதிராக நான் சொல்லப் போவதைக் கேட்டு வீட்டில் யாரும் கோபிக்க வேண்டாம். உள்பக்க கேபின் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 150 முதல் 180 சதுர அடிதான்; அதில் கட்டிலும் குளியலறையும் போக மிஞ்சும் இடத்தில் நின்று ஆறு கஜத்தைக் கொசுவி மடிப்பது எளிதல்ல. என் மனைவி புடவை கட்டி முடிக்கும்வரை நான் காலை மடக்கிக் கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தேன். பட்டு ஜரிகையில் பயணப் பெட்டிக்குள் கசங்கிய மடிப்பு ஒருமுறை விழுந்துவிட்டால், அதை நீக்க அங்கே வழியும் குறைவு. பெரும்பாலான நிறுவனங்கள் தீ விபத்தை அஞ்சி, பயணிகள் இஸ்திரிப் பெட்டி கொண்டுவருவதைத் தடை செய்கின்றன. கையடக்க நீராவிக் கருவிக்கும் பல கப்பல்களில் இதே தடைதான். எக்ஸ்ரே சோதனையில் இவை தென்பட்டால் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். குனார்ட் கப்பல்களில் பயணிகளே பயன்படுத்தும் துவைப்பறையும் இஸ்திரி வசதியும் உண்டு; ராயல் கரீபியனில் அப்படிப்பட்ட அறை இல்லை, சலவைப் பிரிவிடம் காசு கொடுத்துத்தான் தேய்த்து வாங்க வேண்டும். ஆகையால் கிரேப் பட்டு, ஜார்ஜெட், மென்பட்டு ஆகியவையே கப்பலுக்கு உகந்தவை. காஞ்சிப் பட்டைத்தான் கட்டுவேன் என்ற உறுதி இருந்தால், இப்போது நம் ஊர்களில் கொசுவத்தை முன்னதாகவே மடித்துத் தேய்த்துப் பெட்டி மடிப்பாகத் தருகிறார்களே, அப்படித் தயார் செய்து எடுத்துச் செல்லலாம். கட்டும் நேரமும் பாதியாகக் குறையும். லினனும் விறைப்பான பருத்தியும் பெட்டியிலிருந்து வெளிவரும்போதே கசங்கி நிற்கும் என்பதால் அவற்றை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

புடவைக்கு ஒரு மறைமுக ஆதாயமும் இருக்கிறது. உணவுக் கூடத்திலும் நாடக அரங்கிலும் குளிரூட்டி கடுமையாக ஓடும். கையில்லாத கவுன் அணிந்தவர்கள் சால்வை தேடும் நேரத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். ஆனால் திறந்த தளத்துக்குப் போனால் நிலைமை தலைகீழாகிவிடும். காற்றே இல்லாத இரவிலும், 20 நாட் வேகத்தில் போகும் கப்பலின் முன்பகுதியில் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடிக்கும். அது கப்பல் தானே உண்டாக்கும் காற்று. எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் முந்தானைக்கு எத்தனை ஊக்கு குத்தினாலும் போதாது. புடவை கட்டிய இரவில் தளத்து உலாவை விட்டுவிடுவதோ, அறைக்குப் போய்ச் சல்வாருக்கு மாறிக்கொண்டு வருவதோதான் வழி.

ஆண்களில் வேட்டிக்கும் இதே காற்றுதான் முதல் எதிரி. ஒட்டிக்கொள்ளும் வேட்டி இடுப்பில் நிற்கும், விளிம்பு நிற்காது. காலணியிலும் சிக்கல் இருக்கிறது. வேட்டிக்குப் பொருத்தம் தோல் செருப்பு. ஆனால் கடற்கரைச் செருப்போடு உணவுக் கூடத்துக்கு வரக் கூடாது என்பது பல கப்பல்களின் விதி. வாசலில் நிற்கும் பணியாளர் பிலிப்பைன்ஸ்காரராகவோ கிழக்கு ஐரோப்பியராகவோ இருப்பார். கோலாப்பூரித் தோல் செருப்புக்கும் கடற்கரைச் செருப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வரலாம். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை என்ற முழு அலங்காரத்தோடு, நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆசையும் துணிவும் உள்ளவர்களுக்கு அது அழகாகவே இருக்கும். ஆனால் நம் உடையும் வேண்டும், தொல்லையும் வேண்டாம் என்றால், கழுத்து மூடிய ஜோத்பூரி கோட்டுக்கு இணை எதுவும் இல்லை. டை தேவைப்படாது, கருநிறப் பேன்ட்டின் மேலேயே அணியலாம், கறுப்பு ஷூ பொருந்தும், சூட் அணிந்தவர்களின் நடுவில் குறையாகவும் தெரியாது. வாடகைக்கும் எளிதாகக் கிடைக்கும். சூட்டுக்கும் வேட்டிக்கும் நடுவே ஆண்களுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

மூன்றாவது கட்சி சொல்லும் சாதாரண உடை மலிவானது, பெட்டியில் இடம் கேட்காதது. நார்வீஜியன் போன்ற கப்பல்களிலும், 2 அல்லது 3 இரவுக் குறும்பயணங்களிலும் அதுவே சரியான விடை. நடுத்தர நிறுவனங்களில் மற்ற மாலைகளுக்கெல்லாம் காலர் வைத்த சட்டையும் முழுநீளப் பேன்ட்டும், பெண்களுக்குக் குர்தியோ சல்வாரோ எளிய புடவையோ போதும். நீச்சல் உடை, கையில்லாத பனியன், தொப்பி, வெறுங்கால் போன்றவற்றைத்தான் உணவுக் கூடம் பொதுவாக மறுக்கும். ஆனால் ஃபார்மல் இரவையும் இதே உடையில் பஃபேயில் கழித்துவிடலாம் என்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த இரவுதான் உணவுக் கூடத்தின் சிறப்பான பட்டியல் வரும் இரவு. பல கப்பல்களில் கேப்டன் பயணிகளை வரவேற்கும் நிகழ்ச்சியும், படிக்கட்டருகே குடும்பப் படம் எடுக்கும் வரிசையும் அன்றுதான் இருக்கும். சைவ உணவுக்காரர்களுக்குப் பட்டியல் பெரிய இழப்பாக இராது. ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்காகப் பெற்றோரைப் பிள்ளைகள் அழைத்துச் செல்லும் பயணமாக இருந்தால், அந்த ஒரு படத்துக்காகவேனும் ஒரு நல்ல புடவையும் ஒரு கோட்டும் பெட்டியில் இருக்கட்டும்.

காலணி எல்லாக் கட்சிக்கும் பொதுவானது. அலை சற்று எழும் இரவில் குதிகால் உயர்ந்த செருப்போடு படிக்கட்டு இறங்குவது ஆபத்து. தட்டையான அல்லது பட்டையான அடி கொண்டதே போதும். புடவையின் கீழே அது யார் கண்ணிலும் படாது. கனமான நகைகளையும் தவிர்க்கலாம், மணமேடையில் யாரும் உட்காரப் போவதில்லை.

ஆக, சிங்கப்பூரிலிருந்து 3 முதல் 5 இரவு போகிறவர்களுக்கு என் தேர்வு: பெண்களுக்கு ஒரு மென்பட்டுப் புடவையும் மற்ற இரவுகளுக்குச் சல்வாரும், ஆண்களுக்கு ஒரு ஜோத்பூரி கோட்டு அல்லது பிளேசர், ஒரு கருநிறப் பேன்ட், மூன்று சட்டைகள். குயின் மேரி 2இல் அட்லாண்டிக்கைக் கடப்பவர்களுக்கு மட்டும் சூட்டோ ஜோத்பூரியோ கட்டாயம் வேண்டும், புடவையும் இரண்டாக வேண்டும். வட அட்லாண்டிக்கின் குளிர் காற்றுக்குத் தளத்தில் போட ஒரு கனத்த ஜாக்கெட்டும் தேவைப்படும்.

எதை எடுத்தாலும், முதல் மாலையும் கடைசி மாலையும் நல்ல உடைக்கு உரியவை அல்ல. பழைய நாளின் கடல் கப்பல்களிலேயே, முதல் இரவில் பெட்டி பிரிக்கப்பட்டிருக்காது, கடைசி இரவில் அது கட்டப்பட்டிருக்கும் என்பதால் அவ்விரு இரவுகளிலும் விருந்துடை அணிவதில்லை என்ற வழக்கம் இருந்தது. இன்றும் அப்படித்தான். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேரச் சில நேரம் இரவு உணவு வேளையும் தாண்டிவிடும். ஆதலால் மாற்றுச் சட்டை ஒன்றையும் புடவைக்குரிய ஊக்குகளையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. கடைசி இரவில் நள்ளிரவுக்குள் பெட்டியைப் பூட்டி வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அப்போது மறுநாள் காலை அணிய வேண்டிய உடையையும் காலணியையும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டோமா என்று பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டும். பார்க்காமல் பூட்டியவர்கள் இரவு உடையிலேயே குடியேற்ற வரிசையில் நிற்பதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கலாம்.