சோவியத் பெடல் என்று சொல்லி 42,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்பதற்கென்றே இருக்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் 42,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். கோபம் அடங்கவில்லை. முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது 'ரெட் ஆர்மி ஓவர்டிரைவ்' கிடார் பெடல், அதாவது எலெக்ட்ரிக் கிடாரின் ஒலியை மாற்றக் காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி. எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் என்ற அமெரிக்க பெடல் கம்பெனியின் நிறுவனர் மைக் மேத்யூஸ், சோவியத் யூனியன் கலைகிற சமயத்தில் அங்கேயே செய்ய வைத்தது. பெயர்தான் ஓவர்டிரைவ் (ஒலியை லேசாகக் கரகரப்பாக்குவது), உள்ளே இருப்பது அந்தக் கம்பெனியின் பிக் மஃப் பெடலுடைய சர்க்யூட், அசல் ஃபஸ் (ஒலியைத் தடித்த இரைச்சலாக்குவது). ஒரு நோட்டைத் தட்டிவிட்டால் அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். கீழ்ஸ்தாயி கரையாமல் கனமாக நிற்கும். பேஸ் கிடார் வாசிப்பவர்கள்கூட ரஷ்ய மஃபைத் தேடி அலைவது இதனால்தான். இதற்கு அடுத்து வந்த 'சிவில் வார்' மஃபைத்தான் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் கிடார் கலைஞர் டேவிட் கில்மோர் 1994 சுற்றுப்பயணத்தில் பயன்படுத்தினார். ஆசைப்படாமல் இருக்க முடியுமா?

விற்றவர் சாமானியமாகப் பேசவில்லை. நான் கேட்பதற்கு முன்பே, "டோன் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பாதீங்க சார், அந்தக் கனம் போயிடும்" என்றார். வாசித்து ஒலிப்பதிவு அனுப்பினார். பின்மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைப் படமெடுத்தும் அனுப்பினார். பழைய சாலிடர், கால் நீண்ட ரெசிஸ்டர்கள், எல்லாம் சரி. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணம் அனுப்பினேன்.

வந்த பெட்டியில் பெயின்ட் வாசனை! திருகுகளைக் கழற்றினால், படத்தில் பார்த்த போர்டே இல்லை. கால் இல்லாமல் போர்டின் மேலேயே ஒட்டும் இந்தக் காலத்து எள்ளளவு எஸ்எம்டி பாகங்கள் கொண்ட புத்தம் புது போர்டு. படம் வேறு எவருடைய பெடலோ.

விற்றவரைக் கேட்டால், "விண்டேஜ்னா ரிப்பேர் ஆகித்தான் சார் இருக்கும்." போர்டு மொத்தத்தையும் மாற்றுவதற்குப் பெயர் ரிப்பேராம்! தளத்தின் உதவிப் பிரிவோ, "பொருளைத் திறந்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க இயலாது" என்கிறது. திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? பதில் இல்லை. மறுபடி எழுதினால் வேறொருவர் வந்து முதலிலிருந்து விவரம் கேட்கிறார். அப்புறம் புகாரையே மூடிவிட்டார்கள். 42,000 ரூபாய், ஐயா! அதே ஆள் அதே படத்தோடு மறுபடி விளம்பரம் போட்டிருக்கிறார்.

விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. போர்டு படம் போதாது. உங்கள் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைத் திறந்த பெடலுக்குள்ளே வைத்து வீடியோ கேளுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். திறந்து பார்த்தாலும் திருப்பலாம் என்று எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நானும் அங்கேதான் புகார் கொடுக்கப் போகிறேன்.