ரிக்கோட்டாவா, மொசரெல்லாவா: பொரித்த பூசணிப் பூவுக்குள் எதை வைப்பது?

பூசணிப் பூவுக்குள் சீஸை நிரப்பி, மாவுக்கரைசலில் தோய்த்து, எண்ணெயில் பொரித்தெடுக்கும் முன்னுணவு கோடைக்கே உரியது. கொடிகள் பூத்துத் தள்ளும் சில வாரங்கள்தான் அதற்குக் காலம். செய்முறையைப் படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இப்பண்டம், வாணலியில் இட்டதும் சிலருக்கு மொறுமொறுப்பாகவும் சிலருக்குச் சொதசொதவென்றும் வந்துவிடுகிறது. பூவின் பங்கு இதில் சிறியது. இளங்காயின் வாசத்தை ஒத்த மெல்லிய மணமும், நீர் நிறைந்த இதழும் மட்டுமே அது தருவன. மற்றதெல்லாம் உள்ளே இருக்கும் சீஸையும் வெளியே பூசிய மாவையும் பொறுத்தது. இவ்விரண்டையும் தனித்தனியாக ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் சிறந்ததை எடுத்துச் சேர்த்தால் போதும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். சீஸ் எவ்வளவு நீர் விடும், அந்த ஆவியை மாவு வெளியே விடுமா அடக்கி வைக்குமா என்பதைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் பொரியல் ஒழுங்காக வந்தது.

பூவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சுக்கினி, பூசணி இரண்டின் பூவும் பொருந்தும். ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பில் தனியே நிற்கும். பெண் பூவின் அடியில் விரல் பருமனுக்குப் பிஞ்சு ஒட்டியிருக்கும். பிஞ்சோடு பொரித்த பூ தட்டில் அழகாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் இதழ் சிவந்து முடியும் நேரத்தில் பிஞ்சு பாதிதான் வெந்திருக்கும். அதை நீளவாக்கில் இரண்டு மூன்று கீறல் போட்டால்தான் சரிப்படும். ஆண் பூவைப் பறிப்பதால் காயும் நட்டமில்லை, காம்பும் கைப்பிடியாக உதவும். மகரந்தச் சேர்க்கைக்காகச் சில பூக்களைக் கொடியிலேயே விட்டுவைத்தால் போதும். காலையில் விரிந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். நண்பகலுக்குள் இதழ்கள் முறுக்கி மூடிக்கொள்ளும். பிறகு பிரிக்கப் போனால் கிழியும். பறித்த கையோடு உள்ளே ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது. மகரந்தம் அப்பிய தேனீ ஒன்று அடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வேறு பூக்களையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். நஸ்டர்ஷியத்துக்கு நல்ல காரம் உண்டு, ஆனால் சீஸை வைத்து மூடும் அளவுக்கு அதில் இடமில்லை. டே லில்லியின் மொட்டு உண்ணத்தக்கது என்றாலும், பெயரில் மட்டும் ஒத்திருக்கும் மற்ற லில்லிகளோடு அதைக் குழப்பிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், செடியை உறுதியாக அடையாளம் காணத் தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். அலங்காரத்துக்காக விற்கும் பூக்களில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். அவையும் சமையலுக்கு ஆகா. பூசணிப் பூவிலும் ஓர் இதழைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்து, கடும் கசப்பாக இருந்தால் துப்பிவிட்டு அந்தக் கொடியின் பூவையும் காயையும் ஒதுக்கிவிட வேண்டும். பூசணி இனத்தின் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் வயிற்றைக் கெடுக்கும், சமைத்தாலும் போகாது.

இனி முக்கியமான போட்டி. ரிக்கோட்டா என்ற பெயருக்கே 'மறுபடி காய்ச்சியது' என்பதுதான் பொருள். சீஸ் செய்த பின் எஞ்சும் பால்நீரை மீண்டும் சூடாக்கித் திரட்டுவது அது. ஏற்கெனவே வெப்பத்தால் திரண்ட புரதம் என்பதால் மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் உருகி ஓடாது, வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். பூவின் நுனி சரியாக மூடாவிட்டாலும் பெரிய சேதமில்லை. ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். மொசரெல்லா இதற்கு நேர்மாறானது. வெந்நீரில் இழுத்துப் பிசைந்து செய்யப்படுவதால் அதன் புரதம் நார்நாராக அடுக்கப்பட்டிருக்கிறது. சூடுபட்டதும் இளகி, கடித்து இழுத்தால் நூலாக நீளும். விருந்தினர் முகத்தில் மகிழ்ச்சியை வரவழைப்பது அந்த நூல்தான். ஆனால் இளகிய சீஸ் சிறு ஓட்டை கிடைத்தாலும் வெளியேறும். வெளியேறியது எண்ணெயில் கருகி, அடுத்த பூக்களிலும் ஒட்டிக்கொள்ளும்.

முதன்முதலில் நான் ரிக்கோட்டாவை டப்பாவிலிருந்து அப்படியே அள்ளி நிரப்பினேன். ஆறு பூக்கள் அமைதியாகப் பொரிந்தன. ஏழாவதைத் திருப்பிப் போட்டபோது 'டப்'பென்று விலாவில் வெடித்து, வெள்ளை நீர் எண்ணெயில் கலந்து, அடுப்பு மேடை முழுவதும் தெறித்தது. முழங்கையில் விழுந்த மூன்று புள்ளிகள் ஆற ஒரு வாரமாயிற்று. அன்றுமுதல் மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு விடாமல் நான் ரிக்கோட்டாவைத் தொடுவதில்லை. வடிந்த பின் அது கரண்டியில் குவித்தால் சரியாமல் நிற்கும். பன்னிரண்டு பூவுக்கு 200 கிராம் ரிக்கோட்டா, 40 கிராம் துருவிய பார்மசான் என்னும் கெட்டிச் சீஸ், எலுமிச்சைத் தோல் துருவல், மிளகு ஆகியவை போதும். பார்மசானிலேயே உப்பு இருப்பதால் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. சேர்த்தால் அது இதழிலிருந்து நீரை இழுக்கும்.

மொசரெல்லாவையும் நீரில் மிதக்கும் புது உருண்டையாக வாங்கினால் அதே வடிக்கும் வேலை உண்டு. துண்டுகளாக நறுக்கி, வடிகட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதோடு உப்பிட்ட நெத்திலித் துண்டு ஒன்றைச் சேர்த்து வைப்பது ரோம் நகரத்து மரபு. பாலின் இனிப்பும் மீனின் கரிப்பும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுப்பதால், சுவையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் இந்தச் சேர்க்கைக்கே முதலிடம் தருவேன். மீன் உண்ணாதவர்கள் உப்பில் ஊறிய கேப்பர் மொட்டுகளை வைத்துக்கொள்ளலாம். ஆட்டுப்பால் சீஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஓடாது, நூலாகவும் நீளாது, புளிப்பு தூக்கலாக இருக்கும். அந்தப் புளிப்பில் பூவின் மென்மணம் காணாமலே போய்விடுகிறது என்பதால் எனக்கு அதில் நாட்டமில்லை.

மாவிலும் இருவகை. குளிர்ந்த சோடாவில் கரைப்பது ஒன்று: 100 கிராம் மைதா, 30 கிராம் சோள மாவு (கார்ன்ஃப்ளார்), 180 மில்லி சோடா. குளிர்ச்சியும் சோள மாவும் பசைத்தன்மை கூடாமல் பார்த்துக்கொள்கின்றன. வாயுக் குமிழ்கள் மேலுறையை வலைபோல் இலேசாக்குகின்றன. கட்டிகள் சில மிஞ்சினாலும் பரவாயில்லை, அடித்துக் கலக்கக் கூடாது. மற்றொன்று ஈஸ்ட் சேர்த்து ஒரு மணி நேரம் பொங்கவிடும் கெட்டிக் கரைசல். அது பூவைச் சுற்றிப் போர்வைபோல் படிந்து, உப்பி, உள்ளே சற்றுப் பஞ்சுபோலவும் வெளியே மொறுமொறுப்பாகவும் வரும். முட்டை சேர்த்த கரைசலையும் முயன்றிருக்கிறேன். நிறம் அருமையாக வரும், ஆனால் ஆறுவதற்குள் தளர்ந்துவிடும்.

வலைபோன்ற சோடா மாவுக்குள் மொசரெல்லாவை வைத்தால், நுண்துளைகள் வழியே அது கசிந்துவிடும். ஈஸ்ட் மாவோ அடைத்துப் பிடித்துக்கொள்ளும். உருகிய சீஸும் பஞ்சுபோன்ற உறையும் வாயில் ஒன்றுக்கொன்று இதமாக இருக்கும். ரிக்கோட்டாவை ஈஸ்ட் மாவில் போர்த்தினால், ஆவி உள்ளேயே அடைபட்டு, மென்மைக்கு மேல் மென்மையாக, பல்லுக்கு வேலையே இல்லாத பண்டமாகிறது. அதற்குச் சோடா மாவே துணை. எப்படியும் ஓடப்போவதில்லை என்பதால் துளைகளால் கேடில்லை. மிச்ச ஈரம் ஆவியாகி அவற்றின் வழியே வெளியேறி, உறையை மொறுமொறுப்பாகவே வைத்திருக்கும். சீஸை மாற்றுகிறவர் மாவையும் மாற்றியாக வேண்டும்.

எண்ணெய் இருவகைக்கும் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். குறைந்தால் மாவு எண்ணெய் குடிக்கும். கூடினால் உள்ளே சூடேறும் முன் வெளியே கருகும். வெப்பமானி இல்லாதவர் ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்க்கலாம்: அமிழ்ந்த உடனே சீறிக்கொண்டு மேலே வர வேண்டும். நுனி இதழ்களை இரண்டு விரலால் ஒரு முறுக்கு முறுக்கி, காம்பைப் பிடித்துத் தோய்த்து, மிகுதி மாவைச் சொட்டவிட்டு, ஒரு சமயத்தில் மூன்று நான்குக்கு மேல் போடாமல் இரண்டு நிமிடம் பொரித்தால் போதும். எடுத்தவற்றைக் கம்பித் தட்டில் பரப்பி, அதன் பிறகே உப்புத் தூவ வேண்டும். எண்ணெய்க்கு அஞ்சி ஓவன் அடுப்பில் சுடுவோரும் உண்டு. ரொட்டித்தூள் தூவிச் சுட்ட பூ நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறொரு பண்டம். இந்தப் போட்டியில் அதைச் சேர்க்க மாட்டேன்.

எத்தனை பேர் உண்ணப்போகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டால் தேர்வு இன்னும் எளிது. மொசரெல்லா ஐந்து நிமிடத்தில் இறுகி ரப்பராகிவிடும். அடுப்பருகிலேயே நின்று, ஊதி ஊதிச் சாப்பிடும் மூன்று நான்கு பேருக்குத்தான் அது ஆகும். மேசையில் எட்டுப் பேர் காத்திருந்தால் ரிக்கோட்டாவே கைகொடுக்கும். வெதுவெதுப்பான பிறகும் அது உண்ணும்படி இருக்கும். எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் இரண்டு மூன்று பூக்கள் கிழியத்தான் செய்யும். அவற்றை மிச்ச மாவில் வெறுமனே தோய்த்து கடைசியாகப் பொரித்து, உப்புத் தூவி, யாரும் பார்க்கும் முன் நானே தின்றுவிடுவேன்.