பி.எஃப். பாஸ்புக்கின் மூன்றாவது கட்டம்

பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பி.எஃப்.பில் சேர்ந்து 11 வருடம் ஆகிறது. நல்ல திட்டம். ஆனால் பாஸ்புக்கைப் படிக்கத் தெரியவில்லை என்றால் வீண் பயம்தான் மிஞ்சும்.

பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (பஞ்சப்படி) சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் நம் பிடித்தம் 12 சதவீதம், அதாவது 1,800. முதலாளியும் அதே அளவு போடுகிறார். பாஸ்புக்கைத் திறந்தால் முதல் கட்டத்தில் 1,800 இருக்கும், அடுத்ததில் வெறும் 550. "அக்கா, மீதியை கம்பெனி அமுக்கிட்டாங்களா?" என்று தையல் பிரிவுப் பெண்கள் மாதம் ஒருவராவது வந்து கேட்பார்கள். மீதி 1,250 மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது, பென்ஷனுக்காக. அதற்கு வட்டி கிடையாது. அங்கே சர்வீஸ்தான், அதாவது எத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்பதுதான் கணக்கு. 10 வருடம் முடித்தவருக்கு 58 வயதிலிருந்து பென்ஷன். கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் தொகை வந்துவிடும். 15,000-க்கு 10 வருடம் என்றால் மாதம் 2,142 ரூபாய், 25 வருடம் என்றால் 5,785 (20 வருடம் முடித்தவருக்கு 58 வயதில் 2 வருடம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள்). விலைவாசி ஏறினாலும் இது ஏறாது என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை.

2021-ல் வேலை மாறினபோது, 6 வருடப் பணத்தை பென்ஷனோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எடுத்திருந்தால் அந்த 6 வருட சர்வீஸும் போயிருக்கும். நல்லவேளை, எடுக்காமல் புதுக் கம்பெனிக் கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் போட்டேன். அதிலும் ஒரு முட்டுக்கட்டை: பழைய கம்பெனி நான் விலகிய தேதியைப் பதியவே இல்லை. நாலு தடவை போன் செய்தும் "பாக்குறோம்மா" என்ற பதில்தான். அப்புறம்தான் தெரிந்தது, கடைசிப் பிடித்தம் முடிந்து 2 மாதம் கழித்து நாமே யு.ஏ.என். (நம் பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில், ஆதார் ஓ.டி.பி. கொடுத்து அந்தத் தேதியைப் பதியலாம் என்று. பத்து நிமிட வேலை.

பணம் மாறி வந்ததும் பார்த்தால் பென்ஷன் கட்டத்தில் பூஜ்யம்! வயிற்றைக் கலக்கிவிட்டது. சர்வீஸ் விவரத்தைத் திறந்தேன். 6 வருடமும் பத்திரமாக இருந்தது. பென்ஷன் தொகை இப்படி மாறி வருவதில்லை, சர்வீஸ்தான் சேரும்.

இன்னொன்று, பணியில் இருக்கும்போது உயிர் போனால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. அதற்கு நம் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை. நாமினி பதிவு இல்லையென்றால் இதை வாங்க வீட்டார் அலைய வேண்டியிருக்கும். கல்யாணம் ஆனால் நாமினியைப் புதிதாகப் போடவும் வேண்டும். அதனால் புதிதாகச் சேரும் பெண்களை முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் போனிலேயே நாமினி பதிவை முடித்துவிட்டுத்தான் மெஷினுக்கு அனுப்புகிறேன்.