வட கொழும்பில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை: கற்பித்தல் குறித்துப் பெற்றார் ஒருவரின் மதிப்பீடு

கொழும்பில் தமிழ்மொழி மூலம் பிள்ளையைப் படிப்பிக்க விரும்பும் பெற்றார், தரம் ஒன்றுக்கான அனுமதிக் காலத்தில் கத்தோலிக்கப் பாடசாலைகளைப் பற்றி ஒழுக்கம் நன்று, ஆங்கிலம் நன்று என்ற இரண்டு செய்திகளையே பெரும்பாலும் கேள்விப்படுகின்றனர். வகுப்பறைக்குள் ஆசிரியர் எவ்வாறு படிப்பிக்கிறார், கொப்பியை யார் பார்க்கிறார், பின்தங்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள் என்பவற்றை விசாரித்து முடிவெடுப்போர் குறைவு. எமது மகளும் மகனும் வட கொழும்பில் அருட்சகோதரிகளின் நிருவாகத்தில் இயங்கும் ஒரு கலவன் பாடசாலையில் படிக்கின்றனர். மகள் இடைநிலைப் பிரிவிலும் மகன் ஆரம்பப் பிரிவிலும் இருப்பதால், இரண்டு பிரிவுகளின் கற்பித்தலையும் ஒரே காலத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. குறைகளையும் எழுதவிருப்பதால் பாடசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இது அரச உதவி பெறும் பாடசாலை. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் மத நிறுவனங்களின் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது, கட்டணம் அறவிடாமலே தனித்து இயங்குவதென முடிவெடுத்தவற்றின் வழியில் வந்தது. பாடத்திட்டமும் பாடநூல்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் அயலிலுள்ள அரச பாடசாலையில் இருப்பவையே. ஆகவே கத்தோலிக்கக் கற்பித்தல் என்று தனியானதொரு பாடத்திட்டத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். வேறுபாடு இருப்பது பழக்கங்களில். அப்பழக்கங்களுள் மிகச் சிறந்தவை ஆரம்பப் பிரிவிலேயே இருக்கின்றன.

முதலாவது, வாசிப்பு. தரம் இரண்டிலிருந்து ஒவ்வொரு நாளும் தமிழ்ப் பாட வேளையின் தொடக்கத்தில் வகுப்பு முழுவதும் ஒரே பந்தியைத் திறந்து வைத்திருக்க, ஒரு பிள்ளை உரத்து வாசிக்கிறது. ஆசிரியை இடையில் நிறுத்தி வேறொரு பிள்ளையின் பெயரைச் சொல்ல, அப்பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். யார் அடுத்து அழைக்கப்படுவார் என்பது தெரியாததால் நாற்பது பிள்ளைகளின் கண்களும் வரியின் மீதே இருக்கின்றன. இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் புனித டி லா சால் ஏழைப் பிள்ளைகளுக்கான பாடசாலைகளை ஒழுங்குபடுத்தியபோது, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாகத் தம் மேசைக்கு அழைத்துப் படிப்பிக்க மற்றவர்கள் வெறுமனே இருந்த வழக்கத்தை விடுத்து, ஒரே மட்டத்திலுள்ள பிள்ளைகளை ஒன்றாக இருத்தி ஒரே பாடத்தைப் படிப்பிக்கும் முறையைப் பரவலாக்கினார். வாசிப்பை இலத்தீனில் தொடங்காமல் பிள்ளைகள் பேசும் பிரெஞ்சு மொழியில் தொடங்கியதும் அவரே. 1865 இல் வட கொழும்பின் கொட்டாஞ்சேனையில் ஆரம்பிக்கப்பட்ட புனித பெனடிக்ற் கல்லூரி, அவர் நிறுவிய துறவற சபையைச் சேர்ந்த சகோதரர்களின் கையில் வளர்ந்தது. எமது பாடசாலையின் சிஸ்டர்மார் வேறு சபையினர் என்றாலும், வட கொழும்பின் பழைய ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பழகிக்கொண்ட முறைகள் சபை எல்லைகளுக்குள் அடங்கி நிற்கவில்லை என்றே தோன்றுகிறது.

இரண்டாவது, கொப்பி. சொல்வதெழுதுதலில் பிழைத்த சொல்லுக்குச் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு ஆசிரியை நகர்ந்துவிடுவதில்லை; பிள்ளை அச்சொல்லைத் திருத்தி எழுதி, அதனை வைத்து ஒரு வசனமும் அமைத்து மறுநாள் காட்ட வேண்டும், அதன் பின்னரே பக்கத்தின் அடியில் கையொப்பம் விழும். ரகர றகரமும் லகர ளகர ழகரமும் மயங்கும் வயதில் இந்த ஒரு பழக்கம் செய்யும் வேலையை எந்தப் பயிற்சி நூலும் செய்யாது. தவணைக்கு ஒரு முறை அதிபர் சிஸ்டர் கொப்பிகளை வகுப்பு வகுப்பாக வரவழைத்துத் தாமே புரட்டுகிறார். அவர் பார்ப்பது பிள்ளையின் எழுத்தை மட்டுமல்ல, ஆசிரியையின் திருத்தத்தையும் என்பது பெற்றார் எல்லோருக்கும் தெரியும். அரச பாடசாலைகளிலும் இதைச் செய்யும் அதிபர்கள் இல்லாமலில்லை; இங்கே ஆள் மாறினாலும் வழக்கம் மாறுவதில்லை என்பதே வேறுபாடு.

பின்தங்கும் பிள்ளைகளை முன்வரிசையில் நன்கு வாசிக்கும் பிள்ளையின் அருகில் இருத்துகின்றனர். இது நல்ல ஏற்பாடு என்றாலும், கற்றலில் உண்மையான இடர்ப்பாடு உள்ள பிள்ளைக்கு அது போதாது. பயிற்சி பெற்ற விசேட கல்வி ஆசிரியர் ஒருவர் இங்கே இல்லை.

இவ்வளவும் தரம் நான்கின் நடுப்பகுதிவரைதான். அதன் பின்னர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பறையைக் கைப்பற்றிக்கொள்கிறது. உரத்த வாசிப்பு நின்றுவிடுகிறது. கடந்தகால வினாத்தாள்களும் மாதிரி வினாத்தாள்களும் பிரதி எடுக்கப்பட்டுக் கட்டுக்கட்டாக வருகின்றன. பிள்ளைகள் தங்கள் விடைகளைத் தாங்களே பார்த்துச் சரி போட்டுக்கொள்கின்றனர், பிழைத்த விடையை யாரும் திருத்தி எழுதுவதில்லை. நான்கு ஆண்டுகளாக ஒரு சொல்லின் பிழையைக் கூட விடாமல் பார்த்த பாடசாலை, பிள்ளை மிக அதிகமாகப் பிழைவிடும் ஆண்டில் திருத்துவதைக் கைவிடுகிறது. பெற்றாரின் அழுத்தம்தான் காரணம் என்று நிருவாகம் சொல்கிறது. பெற்றார் கூட்டங்களில் எழும் குரல்களைக் கேட்டவன் என்ற முறையில் அதை மறுக்க முடியாது. ஆயினும் மாலையில் இதே வினாத்தாள்களை ரியூசன் வகுப்பிலும் செய்யும் பிள்ளைக்குக் காலையிலாவது வேறு வகையான கற்றல் கிடைக்கவேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றாரிடம் இல்லை, பாடசாலையிடமே இருக்கிறது.

இடைநிலைப் பிரிவைப் பற்றிப் பொதுவாக ஒரு கருத்துச் சொல்வது கடினம், ஏனெனில் அங்கே எல்லாம் பாட ஆசிரியரைப் பொறுத்தது. 2007 இன் பாடத்திட்டச் சீர்திருத்தம் தேர்ச்சியை மையமாக வைத்து, பிள்ளைகளை ஈடுபடுத்தி, அவர்களே கண்டறிந்து, விளக்கி, விரிவாக்கி, இறுதியில் மதிப்பிடும் ஐந்து படிகளை ஆசிரியர் வழிகாட்டிகளில் சேர்த்தது. மகளின் விஞ்ஞான ஆசிரியர் இதை உண்மையாகவே செய்கிறார்; அமிலம், காரம் பற்றிய பாடத்துக்குச் செவ்வரத்தம் பூவையும் தேசிக்காயையும் கொண்டுவரச் சொல்லி, நிறமாற்றத்தைப் பிள்ளைகளே பார்த்துக் குறித்த பின்னர்தான் பாடநூலைத் திறந்தார். வரலாற்றுப் பாடமோ முழுமையாகக் குறிப்புச் சொல்லி எழுதுவிப்பதிலேயே முடிகிறது. ஆங்கிலம், பரவலாக நம்பப்படும் அளவுக்கு இல்லை: காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடையின்றி அறிவிப்பு வாசிக்கின்றனர், ஆனால் மனனம் செய்ததற்கு அப்பால் ஒரு கேள்வி கேட்டால் தடுமாறுகின்றனர்.

நாங்கள் சைவக் குடும்பம் என்பதால் சமயத்தைப் பற்றிப் பலர் எம்மிடம் கேட்பதுண்டு. தேசிய பாடத்திட்டத்தின்படி பிள்ளை தன் சமயத்தையே படிக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் சமயப் பாடத்துக்கு இருக்கும் வேளையில் எங்கள் பிள்ளைகள் வேறொரு அறையில் சைவநெறி படிக்கின்றனர். அதற்கு நிரந்தர ஆசிரியை இருக்கிறார், அந்தப் பாடவேளை வேறு பாடத்துக்கு எடுக்கப்படுவதில்லை. காலைச் செபத்தின்போது மற்றச் சமயப் பிள்ளைகள் மௌனமாக நிற்கலாம்; சிலுவை அடையாளம் இடும்படி எவரும் வற்புறுத்தியதில்லை. மகன் தானாகவே இடப் பழகிவிட்டான், அது அவனுடைய அப்பம்மாவுக்கு மட்டுமே கவலை.

தண்டனை குறித்து முன்னேற்றம் உண்டு, ஆனால் நிறைவில்லை. உடல்ரீதியான தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை அலுவலகத்தில் இருக்கிறது, பிரம்பும் மறைந்துவிட்டது. பதிலாக வகுப்பின் முன்னால் நிறுத்திப் பேசுவது தொடர்கிறது. பிள்ளை தவறு செய்யுமுன் அதன் அருகில் இருந்து அன்பாலும் நியாயத்தாலும் தடுப்பதே கல்வி என்று இத்தாலியக் குருவும் கல்வியாளருமான புனித தொன் பொஸ்கோ 1877 இல் எழுதினார். அவருடைய படம் இங்கே மண்டபச் சுவரில் பெரிதாகவே தொங்குகிறது. ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் அவ்வழியில் நடக்கின்றனர். இடைநிலையில் சிலர் அப்படத்தைக் கடந்து நடக்கின்றனர்.

கட்டணம் இல்லையென்றாலும் வசதிகள் கட்டணம், விளையாட்டுப் போட்டி, களியாட்டச் சீட்டு என ஆண்டு முழுவதும் சிறு தொகைகள் கேட்கப்படும். கொடுக்க இயலாத குடும்பத்தைச் சிஸ்டர்மார் தனியாக அழைத்துப் பேசி விட்டுக்கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். பெற்றார் சந்திப்புத் தவணைக்கு ஒரு முறை நடக்கும், வேலைநாளில் காலையில். அன்றாடம் உழைப்போருக்கு இது வசதியானதல்ல.

தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்க எண்ணுவோருக்கு, தமிழில் நன்றாக வாசிக்கவும் எழுதவும் கற்பிக்கும் இடமாக இப்பாடசாலையைத் தயக்கமின்றிச் சொல்வேன். தரம் ஆறுக்கு வெளியிலிருந்து கொண்டுவர நினைப்போர் அவசரப்பட வேண்டியதில்லை. எந்தக் கத்தோலிக்கப் பாடசாலைக்கு நேர்முகத்துக்குப் போனாலும் விளையாட்டுக் கிண்ணங்கள் வைத்த அலுமாரியைப் பார்ப்பதோடு நில்லாமல், தரம் மூன்றின் தமிழ்க் கொப்பி ஒன்றையும் தரம் ஐந்தின் தமிழ்க் கொப்பி ஒன்றையும் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். எமது அதிபர் தயங்காமல் எடுத்துக் காட்டினார்.