புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டும்: 9,000 ரூபாய்க்குள் ஒரு மானிட்டர்

தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். 14 அங்குல மடிக்கணினியின் முன் நாள்தோறும் எட்டு மணி நேரம் குனிந்தபடி இருந்ததில் கழுத்தும் கண்ணும் ஒருசேர வலிக்கத் தொடங்கியதால், தனியாக ஒரு மானிட்டர் வாங்குவதென்று முடிவு செய்தேன். அதற்காக ஒதுக்க முடிந்த தொகை 9,000 ரூபாய். முதலில் வாங்கியது என் வேலைக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவதாக வாங்கிய பென்க்யூ ஜிடபிள்யூ 2480 ஆறு மாதமாக என் மேசையில் இருக்கிறது. இதைப் போன்ற தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் தமிழ் எழுத்தைப் படிப்பதற்காகவே திரை தேடுபவர்களுக்காக இரண்டு அனுபவத்தையும் எழுதுகிறேன்.

முதல் முறை பெரிய திரை என்ற ஒன்றைத்தான் பார்த்தேன். சலுகை விலையில் 8,500 ரூபாய்க்கு வந்த 27 அங்குல வளைந்த திரை அது; இணையத்தில் வாங்கினேன். இந்த விலையில் கிடைக்கும் 27 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் 1920க்கு 1080 பிக்சல்தான் (படத்தை உருவாக்கும் மிகச் சிறிய ஒளிக்கட்டம்) இருக்கும், 21.5 அங்குலத் திரையில் இருப்பதும் அதே எண்ணிக்கைதான். பரப்பு பெருகும்போது ஒவ்வொரு பிக்சலும் பெரிதாகிறது. ஓர் அங்குல நீளத்தில் 21.5 அங்குலத் திரை 102 பிக்சல்களையும், 23.8 அங்குலத் திரை 93 பிக்சல்களையும் கொண்டிருக்க, 27 அங்குலத் திரையில் அது 82 ஆகக் குறைந்துவிடுகிறது. படம் பார்ப்பவர்கள் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதால் இந்த வேறுபாடு அவர்களை உறுத்துவதில்லை. கை நீளத் தொலைவில் அமர்ந்து எழுத்தெழுத்தாகப் படிப்பவருக்கு அது முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

தமிழ் எழுத்துக்கு இது மேலும் முக்கியமானது. எ என்பதையும் ஏ என்பதையும் பிரிப்பது அடியில் உள்ள ஒரு சிறு கோடு. ஒ என்பதையும் ஓ என்பதையும் பிரிப்பது ஒரு சுழி. கல என்பதையும் கல் என்பதையும் பிரிப்பது ஒரே ஒரு புள்ளி. இவற்றையெல்லாம் விட எங்கள் வேலையில் தொல்லை தருவது, தட்டச்சில் ரகர மெய்க்குப் பதிலாகத் துணைக்காலின் மேல் புள்ளி வைத்துவிடும் பிழை. "அவர்கள்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "அவா்கள்" என்று இருந்தால், ரகரத்தின் அடியில் உள்ள சிறு சாய்கோட்டைக் கண்டுதான் நல்ல சொல்லையும் பிழையான சொல்லையும் பிரித்தறிய முடியும். சாதாரண அளவில் எழுத்தை வைத்துப் படிக்கும்போது அந்தச் சாய்கோடு ஓரிரு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. 27 அங்குலத் திரையில் அது மங்கலான ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தால் பக்கத்தில் பாதிதான் திரையில் நிற்கும், பெரிய திரை வாங்கிய பயனே இல்லாமல் போகும்.

அத்துடன் அந்தத் திரையின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே ஒரு பிக்சல் செத்துப்போயிருந்தது. வெள்ளைப் பக்கத்தில் கறுப்பாக நின்ற அந்த ஒற்றைப் பிக்சல், பக்கத்தை நகர்த்தும்போது ஏதாவது ஒரு எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்து, இல்லாத மெய்யெழுத்தை உண்டாக்கிக் காட்டியது. திருப்பித் தருவதற்கான கெடு முடிந்த பிறகுதான் கவனித்தேன். சேவை மையத்தில், ஒரு பிக்சல் குறை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் வருவதால் மாற்றித்தர இயலாது என்றார்கள். ஐஎஸ்ஓ 9241-307 என்னும் தரநிர்ணயத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு முழுதும் ஒளிரும் குறைப்பிக்சல் இரண்டு வரையிலும், முழுதும் இருண்டது இரண்டு வரையிலும் ஏற்றுக்கொள்கிறது என்பதை அதன்பின் தெரிந்துகொண்டேன். படம் பார்க்க எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணன் மகன் 5,000 ரூபாய் கொடுத்தான். அவனுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது.

அந்தத் தொகையுடன் மேலும் 4,000 ரூபாய் சேர்த்துக்கொண்டு, இரண்டாம் முறை மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு நேரிலேயே போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். மடிக்கணினியையும் எச்டிஎம்ஐ கேபிளையும் கொண்டுபோயிருந்தேன். நான் திருத்திக்கொண்டிருந்த நூலின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, மூன்று கடைகளில் ஒவ்வொரு திரையிலும் அதே பக்கத்தைப் படித்தேன். கடையில் ஓடும் அருவியும் மலரும் எந்தத் திரையிலும் அழகாகவே இருக்கும் என்பதால் அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்த விலையில் மூன்று வகைப் பேனல்கள், அதாவது படத்தைக் காட்டும் திரைப்பலகைகள், கிடைக்கின்றன. டிஎன் பேனலில் தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நிறம் மாறிவிடும் என்பதால் அதை உடனே ஒதுக்கினேன். விஏ பேனலின் பலம் ஆழ்ந்த கறுப்பு. அதன் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான ஒளி விகிதம், 3000க்கு 1 என்ற அளவில் இருக்க, ஐபிஎஸ் பேனலில் 1000க்கு 1தான். ஆனால் விஏ பேனலில் பக்கவாட்டில் நிறம் வெளிறுவதும், இருண்ட பின்னணியில் எழுத்தை நகர்த்தும்போது நிழல் படிவதும் உண்டு. வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தை நாள் முழுவதும் படிப்பவருக்கு ஐபிஎஸ்தான் ஏற்றது என்பதே என் தீர்ப்பு.

ஜிடபிள்யூ 2480 அந்த வகையைச் சேர்ந்த 23.8 அங்குலத் திரை. ஒளி மினுக்கம் இல்லாத பின்விளக்கு, கண்ணைக் கூசச் செய்யாத மங்கல் பூச்சு, எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட், விஜிஏ ஆகிய மூன்று இணைப்புகள், தலா ஒரு வாட் திறனுள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் ஆகியவை இதில் உள்ளன. விண்டோஸில் எழுத்தைக் கூர்மையாக்கிக் காட்டும் கிளியர்டைப் அமைப்பை ஒருமுறை சரிசெய்து, ஒளியளவை முப்பதுக்குக் குறைத்து, நிர்மலா யுஐ எழுத்துருவில் 100 விழுக்காட்டு அளவிலேயே படிக்கிறேன். ரகரத்தின் சாய்கோடும் ஏகாரத்தின் அடிக்கோடும் தெளிவாகத் தெரிகின்றன. மாலையில் கண் எரிவது பெரிதும் குறைந்திருக்கிறது. இதன் தாங்கியை முன்னும் பின்னும் சாய்க்கலாமே தவிர உயர்த்த முடியாது என்பதை வாங்குமுன் அறிந்திருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வருவதற்காக ஒரு மரப்பலகையை அடியில் வைத்திருக்கிறேன். பின்புறம் 100 மில்லிமீட்டர் வெசா துளைகள் இருப்பதால், பின்னாளில் கையோடு கூடிய தாங்கி வாங்கிப் பொருத்திக்கொள்ளவும் வழி உண்டு.

இத்திரை 60 ஹெர்ட்ஸில் இயங்குகிறது, அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. இதற்குப் பின்னர் வந்த ஜிடபிள்யூ 2490 இல் 100 ஹெர்ட்ஸ் வரை உண்டு. நீண்ட பக்கங்களை வேகமாக நகர்த்தும்போது அது வழுவழுப்பாக ஓடும் என்றாலும், நின்று படிக்கும் எழுத்தின் கூர்மை அதனால் கூடுவதில்லை. விலை ஒன்றாக இருந்தால் புதியதை எடுக்கலாம், இல்லையென்றால் 60 ஹெர்ட்ஸே போதும். பெட்டிகளின் மேல் பெரிதாக அச்சிடப்படும் டைனமிக் கான்ட்ராஸ்ட் என்ற கோடிக்கணக்கான எண்ணைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

9,000 ரூபாயும் புரட்ட முடியாதவர்கள், அலுவலகங்களிலிருந்து கழித்து அனுப்பப்படும் பழைய திரைகளைப் பார்க்கலாம். ரிச்சி தெருவில் அவற்றுக்கென்றே கடைகள் இருக்கின்றன. டெல் பி2419ஹெச் போன்றவை அலுவலகப் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்டவை என்பதால், ஐபிஎஸ் பேனலுடன் உயர்த்தவும் செங்குத்தாகத் திருப்பவும் கூடிய தாங்கியும் இருக்கும். செங்குத்தாகத் திருப்பினால் நூலின் ஒரு முழுப் பக்கமும் ஒரே பார்வையில் வந்துவிடும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது பெரிய வசதி. ஆயினும் பல ஆண்டு ஓடிய பின்விளக்கு மஞ்சளடித்திருக்கலாம்; வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஒரு புதிய திரையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

எந்தத் திரையானாலும் கடையிலேயே பெட்டியைத் திறந்து வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறங்களைத் திரை முழுவதும் நிரப்பி, செத்த பிக்சல் உண்டா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். முதலில் போன இரண்டு கடைகளில் பெட்டியைத் திறக்க மறுத்தார்கள். மூன்றாவது கடைக்காரர் தாமே பிளக்கை மாட்டிக் காட்டினார், 200 ரூபாய் கூடுதலாக இருந்தும் அவரிடமே வாங்கினேன். மானிட்டருக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அந்த வரியை மிச்சப்படுத்தலாம் என்று பில் இல்லாமல் வாங்கினால் உத்தரவாதத்தைக் கேட்பது கடினம். பில்லில் எழுதப்பட்ட வரிசை எண்ணும் திரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்பதைக் கடையை விட்டு இறங்குமுன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெட்டியோடு வரும் கேபிள் விஜிஏ மட்டும் என்றால், எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள், ஏனெனில் விஜிஏ வழியாக வரும் எழுத்தின் விளிம்பு கலங்கித் தெரியக்கூடும்.