எச்சரிக்கை: அவசர சிகிச்சைப் பிரிவில் நீட்டும் படிவத்தைப் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள்

அல்சூரில் வசிக்கும் என் மாமனாருக்குச் சென்ற மாதம் ஓர் இரவில் நெஞ்சுவலி வந்து உடலெல்லாம் வியர்த்துக் கொட்டியதால், பெங்களூரின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றோம். நெஞ்சுவலியுடன் வருபவருக்குப் பத்து நிமிடங்களுக்குள் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. பணியிலிருந்த மருத்துவரோ நாற்காலியை விட்டு எழாமலேயே, காப்பீட்டு அட்டை இருக்கிறதா, இல்லையென்றால் முன்பணம் கட்டியாயிற்றா என்று கேட்டார். வலி கூடுகிறது என்று என் மனைவி சொன்னதற்கு, "கேஸ் ட்ரபிள்தான், எதற்கு இப்படிப் பதறுகிறீர்கள்?" என்றார். கூட்டம் நெரியும் இரவில் மருத்துவர் எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அன்று பக்கத்துப் படுக்கைகள் காலியாகத்தான் கிடந்தன.

வேறு இடத்துக்குப் போகிறோம் என்றதும்தான் அவருக்குச் சுறுசுறுப்பு வந்தது. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவம் ஒன்றை நீட்டி, பேனாவால் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். என் மைத்துனர் அதை வாய்விட்டுப் படித்தார்: நோயின் தன்மையும் ஆபத்தும் விளக்கப்பட்டன, சிகிச்சை அளிக்க முன்வந்தும் உறவினர் மறுத்துவிட்டனர், தம் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கின்றனர். இரத்த அழுத்தம்கூடப் பார்க்காதவர் எதை விளக்கினாராம்? மைத்துனர் அந்த வரிகளை அடித்துவிட்டு, "முன்பணம் கட்டாததால் இசிஜி எடுக்கப்படவில்லை" என்று நேரத்துடன் எழுதிக் கையொப்பமிட்டு, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார். மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டபோது பதிலே இல்லை.

ஜெயதேவா இதய மருத்துவமனையில் முதலில் இசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு என்று உறுதியாகி, ஸ்டென்ட் வைக்கப்பட்டு, மாமனார் இப்போது வீட்டில் இருக்கிறார்.

உயிர்காக்கும் சிகிச்சைக்கு நடைமுறைச் சம்பிரதாயங்கள் தடையாகக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே கூறிவிட்டது. கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தமும், அவசரநிலையில் முன்பணத்துக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது. நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஆகவே எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மருத்துவரின் நடத்தை குறித்த புகார் கர்நாடக மருத்துவ கவுன்சிலுக்குச் செல்ல வேண்டும். முன்பணம் கேட்ட நிர்வாகத்தின் மீதான புகாரைத் துணை ஆணையர் (நம் ஊரில் மாவட்ட ஆட்சியர் என்பவர்) தலைமையிலான மாவட்டக் குறைதீர்ப்பு அமைப்பிடம் தரலாம்.

நாங்கள் கேட்டு வாங்கிய பதிவேட்டில், "இசிஜி எடுக்க உறவினர் மறுத்தனர்" என்று எழுதியிருக்கிறது. மைத்துனர் கையொப்பமிட்ட பக்கத்தையே காணவில்லை. கைபேசிப் படத்தை இணைத்துத்தான் கவுன்சிலுக்கு மனு அனுப்பியிருக்கிறோம்.