டெண்டரைப் படித்துச் சொல்லும் கடை: மூன்றரை நட்சத்திரம்

பெங்களூரில் டபுள் ரோட்டை ஒட்டிய ஒரு கிராஸில், மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது கடை. ஜெராக்ஸ், டி.டி.பி., டிஜிட்டல் சிக்னேச்சர், ஈ-டெண்டர் என்று கன்னடத்தில் போர்டு. குறையும் சொல்லப் போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். மாநிலப் பஸ் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி., நகரப் பஸ் கழகமான பி.எம்.டி.சி. இரண்டுக்கும் தலைமை அலுவலகம் சாந்திநகரில்தான் என்பதால் அந்த வட்டாரத்தில் இந்த மாதிரிக் கடைகள் நிறைய. பஸ் சாமான் சப்ளை செய்கிற யாரையாவது கேளுங்கள், "கே.ஜி.எஃப். அண்ணா கடையா?" என்று கைகாட்டிவிடுவார்கள். கடைக்காரரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்களுக்குப் பீன்யாவில் ஒரு சின்ன ரப்பர் மோல்டிங் யூனிட். டார்க் ராடு புஷ், இன்ஜின் மவுண்டிங் என்று ரப்பரும் இரும்பும் சேர்ந்த பஸ் சாமான்கள். பிரஸ்ஸும் அச்சும் என் கணவர், அவர் அண்ணன் பாடு. பேப்பர் என் பாடு. மூன்று நான்கு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களுக்கு டெண்டர் போடுகிறோம். அதனால் இந்தக் கடைக்கு நான் பழைய வாடிக்கை.

கடை மூன்று வேலை செய்கிறது. டிஜிட்டல் சிக்னேச்சர் எடுத்துக் கொடுப்பது ஒன்று. 2021 ஜனவரியிலிருந்து கிளாஸ் 3 என்ற ஒரே வகைச் சான்றிதழ் மட்டும்தான் என்று ஆகிவிட்டதால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எந்தக் கடையில் எடுத்தாலும் ஒன்றுதான். இரண்டாவது, ஆவணங்களை ஸ்கேன் செய்து ஈ-டெண்டர் போர்ட்டலில் ஏற்றி விலையைப் போட்டுத் தருவது. கடைக்கு வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி இதற்குத்தான் வருகிறது. மூன்றாவது போர்டிலேயே இல்லை. டெண்டர் ஆவணத்தை உட்கார்ந்து படித்து, போடலாமா வேண்டாமா என்று சொல்வது. என்னிடம் இதற்கு ஆயிரத்து ஐந்நூறு வாங்கினார். ஏற்றுவதற்கு வாங்குவதைவிடக் குறைவு. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

போன தடவை டார்க் ராடு புஷ் டெண்டர் ஒன்றைக் கொண்டுபோனேன். பக்கத்து மாநிலக் கழகம் ஒன்றுடையது. எது என்பது வேண்டாம். எண்பது பக்கத்துக்கு மேல். எல்லாரும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அண்ணா கடைசியிலிருந்து புரட்டினார். முன்பக்கத்துத் தகுதி நிபந்தனைகள் பெரும்பாலும் எல்லா டெண்டருக்கும் ஒரே மாதிரி இருக்கும்: மூன்று வருட டர்ன்ஓவருக்கு யு.டி.ஐ.என். (சரிபார்ப்பு எண்) போட்ட சி.ஏ. சர்டிபிகேட், வேறு ஒரு கழகத்துக்குச் சப்ளை செய்த சான்று, புனேயில் இருக்கும் சாலைப் போக்குவரத்து நிறுவனமான சி.ஐ.ஆர்.டி. மாதிரி லேபின் டெஸ்ட் ரிப்போர்ட், அல்லது மாநிலப் பஸ் கழகங்களின் கூட்டமைப்பான ஏ.எஸ்.ஆர்.டி.யு.வின் ரேட் கான்ட்ராக்ட். இதெல்லாம் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. ஆளை முடிக்கிறது பின்பக்கத்து ஸ்பெஷல் கண்டிஷன்கள்தான் என்பது அவர் கட்சி. டெலிவரி எங்கே, இன்ஸ்பெக்ஷன் எங்கே, பில் எப்போது, எல்லாம் அங்கேதான் இருக்கும்.

சிவப்புப் பேனாவால் நான்கு இடத்தில் கோடு போட்டார். முதல் கோடு, குவான்டிட்டி பத்தியின் கீழே ஒரு வரியில்: அளவு தோராயமானது, முழுவதையும் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கழகத்துக்கு இல்லை.

"மேடம், இது ஆர்டர் இல்ல. ரேட் கான்ட்ராக்ட். இத்தனை ஆயிரம் பீஸ்னு பாத்துட்டு அச்சு செய்யாதீங்க. அவங்க நூறு கேட்டாலும் அதே ரேட்டுக்குக் குடுக்கணும்."

இரண்டாவது, விலை ஒரு வருடத்துக்கு நிலையானது, ஏற்ற இறக்கத்துக்கு இடமில்லை என்ற வரி. எங்கள் சாமானில் பாதிச் செலவு ரப்பர். 2024 ஆகஸ்டில் ஆர்.எஸ்.எஸ். 4 தர ரப்பர் கோட்டயம் சந்தையில் கிலோ 240 ரூபாயைத் தாண்டி, 2011-இல் இருந்த உச்சத்தையே கடந்துபோனது. அந்த வருடத் தொடக்கத்தில் நூற்றறுபதை ஒட்டித்தான் இருந்தது. ஜனவரி விலையில் டெண்டர் போட்டு எல்1, அதாவது குறைந்த விலைக்காரர், ஆனவர் ஆகஸ்டில் என்ன பாடு பட்டிருப்பார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கச்சாப்பொருள் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் பிரைஸ் வேரியேஷன் ஷரத்து சில டெண்டர்களில் இருக்கும். இதில் இல்லை.

மூன்றாவது கோடு டெலிவரி. கழகத்தின் ஸ்டோர்ஸ் (கிடங்கு) ஒன்றில் கொண்டுபோய் இறக்கினால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இணைப்பில் டிவிஷன் வாரியாகப் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் லாரி வாடகை நம்முடையது; அங்கே ரிஜெக்ட் ஆனால் திருப்பி எடுத்துவரும் வாடகையும் நம்முடையது. தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம். நூறு பீஸை ஒரு மலைப்பாதை டிப்போவுக்கு அனுப்பி, ரப்பரின் கடினத்தைக் காட்டும் ஷோர் ஹார்ட்னஸ் இரண்டு புள்ளி கூடுதல் என்று திரும்பி வந்தால், அந்தச் சரக்கில் லாபம் இருக்கட்டும், டீசல் காசு தேறாது.

நான்காவதுதான் கடைக்காரரின் திறமை. அந்த டெண்டருக்கு ஒரு கோரிஜெண்டம், அதாவது திருத்த அறிவிப்பு, வந்திருந்தது. நான் அச்செடுத்த கட்டில் அது இல்லை, பிறகு ஏறியிருக்கிறது. போர்ட்டலில் அவரே திறந்து காட்டினார். கடைசித் தேதியைத் தள்ளிவைத்த அறிவிப்புதான் என்று தலைப்பைப் பார்த்தால் தோன்றும். இரண்டாம் பத்தியில் டிராயிங்கின் ரிவிஷன் எண்ணையும் மாற்றியிருந்தார்கள். புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயான ஸ்லீவின் உள் விட்டம் மாறியிருந்தது. பழைய டிராயிங்கை வைத்து சாம்பிள் செய்திருந்தால் தகுதியைப் பார்க்கும் டெக்னிக்கல் கவரோடு கதை முடிந்திருக்கும், பிரைஸ் கவரைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

"போடலாமா அண்ணா?"

"உங்க மச்சானாரைக் கேளுங்க, புது ஸ்லீவுக்கு டை அச்சு செலவு எவ்ளோன்னு. அத நூறு பீஸ்ல வகுத்துப் பாருங்க, ஆயிரத்துல வகுக்காதீங்க. அப்பவும் கட்டுதுன்னா போடுங்க."

கட்டவில்லை. போடவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் எத்தனை லட்சம் மிச்சமானது என்று நான் சொன்னால் மிகையாகத் தெரியும், விடுங்கள்.

சட்டமும் அத்துபடி. தமிழ்நாடு 1998-இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்தது, நாட்டிலேயே முதலாவது. கர்நாடகத்தின் அதே மாதிரி டெண்டர் சட்டமான கே.டி.பி.பி. சட்டம் 1999-ஆம் வருடத்தது. யாருடைய டெண்டரை ஏற்றுக்கொள்வது என்ற முடிவில் குறை இருந்தால் 16-ஆம் பிரிவின்படி முப்பது நாளுக்குள் அப்பீல் போகலாம் என்பது, 4(ஜி) பிரிவின்படி விலக்கு கொடுத்தால் டெண்டரே இல்லாமல் ஒருவரிடம் வாங்க முடியும் என்பது, எல்லாம் நுனி நாக்கில் வைத்திருக்கிறார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சொல்வார். ஆனால் அப்பீல் போகலாம் என்று அவராக யாரையும் உசுப்பிவிட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த வருடமும் அதே ஸ்டோர்ஸ் ஆபீசரிடம்தானே சாமானை இறக்க வேண்டும்.

இனிக் குறைகள். அவர் மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தால் உள்ளே முழுக்க டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கும் யு.எஸ்.பி. டோக்கன்கள். நீலம், வெள்ளை, சில கறுப்பு. ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு சீட்டு. சீட்டில் கம்பெனி பெயர், அதன் கீழே பின் நம்பர். வாடிக்கையாளர்கள் தாங்களே கொடுத்துவிட்டுப் போனவை. "அடிக்கடி வர முடியாது, நீங்களே வெச்சுக்குங்க" என்கிறார்களாம். டிஜிட்டல் கையெழுத்து என்பது சட்டப்படி நம் கையெழுத்து. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42-ஆம் பிரிவு, அந்தச் சாவியை வேறு கைக்குப் போகாமல் காப்பது அதற்கு உரியவரின் பொறுப்பு என்கிறது. கையெழுத்துப் போட்ட வெற்று செக் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் விட்டுவருகிற மாதிரிதான் இது. அண்ணா நாணயமானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மதியம் அவர் சாப்பிடப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் பையனை எனக்குத் தெரியாது. அந்த இழுப்பறைக்குப் பூட்டும் கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, பலர் யோசிப்பதில்லை. ஒரே டெண்டருக்கு நானும் போடுகிறேன், என் போட்டியாளரும் போடுகிறார், இருவருக்கும் ஏற்றிக் கொடுப்பது இதே கடை, இதே கம்ப்யூட்டர். இருவருடைய பிட்டும், அதாவது விலைப்புள்ளியும், ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து போகும். புனே மாநகராட்சியின் குப்பை பதப்படுத்தும் டெண்டர்கள் பற்றிய வழக்கில், கூட்டுச் சேர்ந்து விலை போட்டார்கள் என்று 2018-இல் இந்தியப் போட்டி ஆணையம் முடிவு செய்தபோது எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் ஒன்று, போட்டியாளர்களின் பிட்கள் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து வந்திருந்தது. அங்கே வேறு ஆதாரங்களும் இருந்தன, உண்மைதான். நாம் யாரோடும் பேசாமல் நாணயமாக விலை போட்டாலும், நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் "கடையில் ஏற்றினோம் சார்" என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அண்ணாவிடம் இதைச் சொன்னேன். "எல்லாரும் இப்படித்தான மேடம் போடறாங்க" என்றார். ஐந்தில் ஒரு நட்சத்திரம் இந்த பதிலுக்காகக் குறைந்தது. மீதி அரை, இழுப்பறைக்கு.

அதனால் நான் சொல்வது இதுதான்: அவரிடம் படிக்கக் கொடுங்கள், ஏற்றக் கொடுக்காதீர்கள். ஏற்றுவது பயமுறுத்துகிற அளவுக்குக் கஷ்டமில்லை. டோக்கன் உங்கள் பையில், கம்ப்யூட்டர் உங்கள் ஆபீஸில். தமிழ்நாட்டு டெண்டர்கள் இருக்கும் மத்திய அரசின் தகவல் மையமான என்.ஐ.சி. வகை போர்ட்டலில் விலைப் பட்டியல் ஒரு எக்செல் ஃபைலாக வரும்; அதன் பெயரை மாற்றினாலோ, வேறு ஃபைலில் நகலெடுத்துப் போட்டாலோ ஏற்காது. இறக்கிய அதே ஃபைலில் நிரப்பி அதையே ஏற்ற வேண்டும். கடைசி நேரம் என்பது போர்ட்டலின் மேல் மூலையில் ஓடும் கடிகாரம்தான், உங்கள் கைக்கடிகாரம் இல்லை. இ.எம்.டி. (முன்வைப்புத் தொகை) கட்டிய பணம் போர்ட்டலில் பதிவாகச் சில சமயம் இழுக்கும் என்பதால் முந்தின நாளே கட்டிவிடுவது நல்லது. இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் மற்றது பொறுமைதான்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் இ.எம்.டி. வேண்டாம் என்று பீன்யாவில் பலர் சொல்வார்கள். மத்திய அரசுத் துறைகளுக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்குமான 2012-ஆம் வருட ஆணை அது. மாநிலக் கழகம் விலக்கு தருமா என்பதை அந்த டெண்டரில்தான் பார்க்க வேண்டும். இதுவும் அண்ணா சொல்லித்தான் எனக்குத் தெளிவானது.

பில் விஷயத்திலும் உதவினார். ஒரு கழகம், மேலே சொன்னது இல்லை, வேறொன்று, எங்கள் பணத்தை இழுத்தடித்தது. சின்னத் தொழில்களுக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, ஆனால் வட்டி கேட்காமல், ஒரு கடிதம் டைப் செய்து கொடுத்தார். "வட்டின்னு எழுதினா ஃபைல் லீகலுக்குப் போயிடும், அங்க போனா வராது" என்றார். பாதிப் பணம் வந்தது. இனி எல்லா இன்வாய்ஸிலும் உத்யம் எண்ணைப் பெரிதாகப் போடச் சொன்னார், போடுகிறேன்.

கடையில் கூட்டம் முன்பைவிடக் குறைவு. காரணம் கேட்டேன். எலெக்ட்ரிக் பஸ் என்றார். 2022-இல் மத்திய நிறுவனமான சி.இ.எஸ்.எல். ஐந்து நகரங்களுக்குச் சேர்த்து 5,450 மின்சாரப் பஸ்களுக்கு ஒரே டெண்டர் விட்டது. அதில் பெங்களூருக்கு 921, டாடாவுக்குப் போனது. பஸ்ஸைக் கழகம் வாங்குவதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. டிரைவரும் பராமரிப்பும் ஒப்பந்தக்காரர் பாடு. அந்த பஸ்ஸின் புஷ் தேய்ந்தால் கழகத்தின் ஸ்டோர்ஸ் டெண்டர் விடப் போவதில்லை. "இனிமே உங்களுக்கு டெண்டர் வேணாம் மேடம், அந்தக் கம்பெனியோட சப்ளையர் லிஸ்ட்ல வெண்டர் கோடு வேணும். அதுக்கு என் கடைல ஃபார்ம் இல்ல" என்று சிரித்தார். டீசல் பஸ்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன, அதனால் இன்றைக்கே கவலையில்லை. ஆனாலும் எங்கள் மச்சானார் மின்சாரப் பஸ்ஸின் சஸ்பென்ஷன் டிராயிங் எங்காவது கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருக்கிறார்.

போகிறவர்களுக்கு: காலை பத்தரைக்கு மேல்தான் திறப்பார். மாதக் கடைசியில் போகாதீர்கள், ஏற்றும் கூட்டத்தில் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. டெண்டரின் முழு ஆவணமும் கோரிஜெண்டங்களும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயே எடுத்தால் பக்கத்துக்கு மூன்று ரூபாய், எண்பது பக்கத்துக்கு அது தண்டம். மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் இல்லை. ரசீது கேட்டால்தான் தருவார், கேளுங்கள். டோக்கனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.